மாப்பிள்ளை வாரம்

மார்ச் 4

செத்துப்போனவன் வயதில் நீ இரத்தம் கொடுத்திருக்கிறாய்.

உன் தங்கைதான் எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டாய். பதினொரு வருடமாக எடுக்கவில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு அண்ணா.

உங்கள் சர்க்கரை ஆலையின் வருடாந்தரப் பரிசோதனை ஒப்பந்தம் இந்த முறை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறது. போன வாரம் நூற்று நாற்பது பேரின் இரத்த மாதிரிக் குழாய்கள் வந்தன. பெயரைப் படித்து, வயதைப் பார்த்து, கணினியில் ஏற்றுவது என் வேலை. எழுபதாவதோ எழுபத்தொன்றாவதோ குழாயில் நம் தம்பி சின்னவன் பெயர். அப்பா பெயர் சரி. பிறந்த தேதி சரி. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். “என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” என்றாள் பக்கத்து மேசைக்காரி. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த குழாயை எடுத்தேன்.

சின்னவன் செத்துப்போன மூன்றாம் மாதம் அவன் பள்ளிச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாய். அதற்காகத்தான் உன்னோடு சண்டை போட்டேன். இப்போது சண்டைக்கு எழுதவில்லை. உன் இரத்தப் பரிசோதனையில் வந்த எண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து ஏறக்குறைய இருபது லட்சம் நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சுகள் இருக்கின்றன. முடிச்சுக்குள் வரும் குழாய் அகலம், வெளியே போகும் குழாய் குறுகல். அதனால் உள்ளே அழுத்தம் ஏறி, இரத்தத்திலிருந்து தண்ணீரும் உப்பும் கழிவும் பிதுங்கி வெளியே வருகின்றன. இரத்த அணுக்களும் புரதமும் உள்ளேயே நின்றுவிடும். நிமிடத்துக்கு எத்தனை மில்லி இப்படி வடிகிறது என்பதுதான் வடிகட்டும் வேகம். நல்ல இளம் உடம்புக்கு நூறு, நூற்றிருபது. அதை நேராக அளப்பது பெரிய வேலை. அதனால், தசையிலிருந்து வரும் கிரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்து, வயதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறோம்.

உன் கிரியாட்டினின் 1.42. நாற்பத்தொரு வயது என்று போட்டால் வேகம் 64. உன் உண்மை வயதான ஐம்பத்து நாலைப் போட்டால் 59. அறுபதுக்குக் கீழே வந்தவனை பாகு வடிகட்டும் சூடான பிரிவில் நிறுத்தக் கூடாது, அதே சம்பளத்தில் சூடில்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று உங்கள் ஆலை விதியே சொல்கிறது. ஒப்பந்தத் தாளோடு இணைத்திருக்கிறார்கள், படித்தேன்.

64 என்றுதான் அனுப்பியிருக்கிறேன். அனுப்பியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. என்ன செய்யட்டும், நீயே சொல்.

தங்கை

*

மார்ச் 15

வாயாடிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணிதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என் முன்னால் வைத்து, “பதினோரு வருஷம் கழிச்சும் திட்டித்தான் ஆரம்பிக்குது, மாறவே இல்ல” என்றாள். அவளுக்கு உன்மேல் பிரியம் உண்டு. எனக்குத் தூக்கம் உண்டு, அது மட்டும்தான் இப்போதெல்லாம் உண்டு.

முப்பத்தைந்துக்கு மேல் ஆள் எடுக்க மாட்டோம் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு நாற்பத்து மூன்று. பழைய மில் மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. சின்னவனுக்கு முப்பது. அவனுக்கு அந்தச் சான்றிதழால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. உனக்கு அது அவமரியாதையாகப் பட்டது. மாதச் சம்பளக்காரிக்குப் படும்.

வடிகட்டுவதைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். பதினொரு வருடமாக நான் செய்வதே அதுதான். கொதிக்கிற பாகு பம்பில் ஏறி வரும். இரும்புச் சட்டங்களுக்கு நடுவே துணி மாட்டியிருக்கும். தெளிந்தது வெளியே போகும், கசடு துணியில் அப்பிக்கொள்ளும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை சட்டத்தைப் பிரித்து, கசடை வழித்து, துணியை அலசி, திரும்பப் பூட்ட வேண்டும். நனைந்த துணி ஆள் கனம் கனக்கும். முதுகு விட்டுப்போகும். மேஸ்திரி சட்டைப்பையில் வலி மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு சுற்றுவார். “ஒண்ணு போதுமா ரெண்டு வேணுமா?” என்று கேட்கிறவர் அந்த ஆலையிலேயே அவர் ஒருவர்தான்.

கழிப்பறை இரண்டு மாடி இறங்கி முற்றத்துக்கு அந்தப் பக்கம். இறங்கிப் போக அனுமதி அடையாளமாகப் பதினேழு பேருக்கு ஒரு பித்தளை வில்லை. வில்லை கையில் இல்லாமல் படியில் இறங்கினால் அரை நாள் கூலி போச்சு. பாகு ஓடும்போது நகர்ந்தால் துணி அடைத்துக்கொள்ளும். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால்தானே இறங்க வேண்டும்.

இன்னொன்று கேள். பரிசோதனைக்கு முந்தின வாரத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் மாப்பிள்ளை வாரம். அந்த வாரம் மட்டும் சட்டங்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் கேன் வந்து உட்காரும். “குடிங்கப்பா, நல்லாக் குடிங்க” என்று மேஸ்திரி பின்னாலேயே வருவார். கறி தின்றால் எண் கெடும், சாப்பிடாதே, மாத்திரை போடாதே என்பார். கடைசி மூன்று நாள் எங்களைக் கிடங்கில் மூட்டை எண்ண அனுப்பிவிடுவார்கள், மின்விசிறிக்குக் கீழே. நாங்களும் ஒழுங்காக நடந்துகொள்வோம். எண் இறங்கினால் இடம் மாற்றுவார்கள் என்று நீ தாளில் படித்தாய். இறங்கிய இரண்டு பேரை வேறு ஏதோ காரணம் சொல்லி வெளியே அனுப்பியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஊசி குத்தி முடிந்த மத்தியானமே கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாலாம் நம்பர் சட்டக்காரன், சின்னப் பையன், “கல்யாணம் முடிஞ்சுது, இனி மாப்பிள்ளைய எவன் கேக்கப் போறான்” என்றான். சிரித்தோம்.

உன் 64 அந்த வாரத்து 64. இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணன்

*

மார்ச் 21

அண்ணா,

இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீ எழுதிய இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மீதியை யோசிக்க முடிந்தது.

உடம்பில் தண்ணீர் வற்றினால் இரத்த அழுத்தம் இறங்கும். மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் குறையாமல் இருக்க உடம்பு சிறுநீரகத்துக்குப் போகிறதைக் குறைக்கும். அப்போதும் வடிகட்டல் நின்றுவிடாமல் இருக்க, முடிச்சுக்குள் வரும் குழாயை அகலமாகத் திறந்து பிடித்துக்கொள்ள உடம்புக்கு ஒரு ஏற்பாடு உண்டு. மேஸ்திரியின் மாத்திரை அந்த ஏற்பாட்டைத்தான் முடக்குகிறது. வேர்த்து வற்றிய உடம்பில் அதைப் போடுவது வருகிற கொஞ்சத்தையும் வாசலில் மறிப்பது. ஒரு நாள் நடந்தால் தேறிவிடும். பதினொரு வருடம் தினமும் நடந்தால் முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகிவிடும். செத்த முடிச்சு திரும்ப முளைக்காது.

மின்விசிறிக்குக் கீழே, தண்ணீர் குடித்து, கறி தின்னாமல், மாத்திரை போடாமல் இருக்கும்போதே உனக்கு 59.

எங்கள் மேலாளரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். ஆலை கொடுத்த நிபந்தனையிலேயே, மூன்று நாள் இலகுவான வேலைக்குப் பிறகுதான் இரத்தம் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதாம். நானே அந்தத் தாளைப் பார்த்தேன். எதற்கு இந்த வரி என்றேன். “நமக்கெதுக்கும்மா? வர்றத டெஸ்ட் பண்ணு, வந்தத எழுது” என்றார்.

ஒன்று செய். சாதாரண வேலை நாளில், ஷிஃப்ட் முடிந்த கையோடு, வெளியே எங்கேயாவது இரத்தம் கொடு. சிறுநீரில் நுரை நிற்கிறதா என்று பார்த்து எழுது, நின்றால் புரதம் கசிகிறது என்று அர்த்தம். மாத்திரையை இன்றே நிறுத்து. முதுகு வலித்தால் வலிக்கட்டும்.

மாதச் சம்பளக்காரி என்று எழுதியிருந்தாய். எங்களுக்கும் வருடா வருடம்தான் ஒப்பந்தம். சொல்லி வைக்கிறேன்.

தங்கை

*

ஏப்ரல் 9

வாயாடிக்கு,

கொடுத்தேன். கிரியாட்டினின் 1.9. அவர்கள் நாற்பத்தொன்று என்று போட்டு வேகம் 45 என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அங்கேயும் சின்னவன் பெயரில் இருக்கிற அடையாள அட்டையைத்தான் காட்டினேன், பழக்கதோஷம். என் வயதைப் போட்டு நீயே கணக்குப் பார்த்துக்கொள்.

நுரை நிற்கிறது. ஆறேழு மாதமாகவே நிற்கிறது. செருப்பைக் கழற்றினால் வாரின் தடம் காலிலேயே பதிந்து கிடக்கிறது என்று உன் அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

உன் கணக்கைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சட்டத்தில் பாதித் துணி அடைத்துக்கொண்டால் நாங்கள் நிறுத்த மாட்டோம். பம்பின் அழுத்தத்தைக் கூட்டுவோம். மீதித் துணி வழியாகப் பாகு அதே அளவு வரும். வெளியே நிற்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுகிற மாதிரி இருக்கும். ஆனால் நல்ல துணியும் அந்த அழுத்தத்தில் நைந்து கிழியும். கிழிந்தால் தெளிவில் கசடு வரும். என் உடம்பிலும் அதுதானே நடக்கிறது? நுரை என்பது கிழிந்த துணி வழியாக வருவது. சரியா என்று சொல்.

மகள் படிப்பு முடிய ஒன்றரை வருடம் இருக்கிறது. அதுவரை ஓட்டிவிட்டால் போதும். மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஒரு பாட்டில் தண்ணீரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுகிறேன், வில்லைக்காக முறைக்கிறார்கள், முறைக்கட்டும். மருந்து ஏதாவது இருந்தால் எழுது.

வயதைத் தொடாதே. உன் கணினியில் அதை அப்படியே விட்டுவிடு. இது ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 16

அண்ணா,

தொட்டுவிட்டேன்.

உன் வயதைப் போட்டால் வேகம் 41. ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது, இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் நுரையும் வீக்கமும் சேர்ந்து வருகின்றன. கிழிந்த துணி என்று நீ எழுதியது சரி. அதைவிடச் சரியாக எங்கள் மேலாளராலும் சொல்ல முடியாது. மீதமிருக்கும் முடிச்சுகள் செத்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்து களைத்துக்கொண்டிருக்கின்றன. பாதி போகும் வரை எண் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. ஒன்றரை வருடம் என்கிறாய். அந்தச் சூட்டில் ஒன்றரை வருடம் நின்றால் உன் மகள் படிப்பு முடிந்து வரும்போது உன்னை இயந்திரத்தில் மாட்டி இரத்தம் சுத்தப்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

அதனால் திருத்த அறிக்கை அனுப்பினேன். பெயரை மாற்றவில்லை. வயதை மட்டும் ஐம்பத்து நாலு ஆக்கினேன். 59 என்று அச்சாகியது. உங்கள் ஆலை மருத்துவர் எண்ணை மட்டும்தான் பார்ப்பார், வயதுக் கட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? இந்த மாதக் கடைசிக்குள் உன்னைக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். கோபப்படு. பிறகு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கோபப்படு.

உப்பைக் குறை. அழுத்தம் அளந்து எழுது. இரத்த அழுத்தத்துக்கும் நுரைக்கும் சேர்த்துக் கேட்கிற மருந்து இருக்கிறது, ஆனால் நான் எழுதித் தரக் கூடாது, மருத்துவரைப் பார்.

தங்கை

*

மே 2

உன் திருத்தத்தில் எண்ணை யாரும் பார்க்கவில்லை. வயதுக் கட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

அவர்கள் கணினியில் ஒரு பிறந்த தேதி, உன் தாளில் வேறு வயது. பொருந்தவில்லை என்று அதுவே சிவப்பாகக் காட்டியதாம். அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மேஸ்திரி சுவர் ஓரமாக நின்றார். “பதினோரு வருஷமா எங்களையே ஏமாத்தியிருக்கீங்க” என்று அவர்களில் இளையவர் சொன்னார். அவருக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். 59 என்பதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ஆள் மாறாட்டம் என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எந்தப் பெயரில் போட வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் என் சாமான்களை எடுக்கப் போனேன். வாசல் காவலாளி புதியவன். பெயர் கேட்டான். பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வாசலில் என் சொந்தப் பெயரைச் சொன்னேன். பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்படி யாரும் இங்க வேலை பாக்கல” என்றான்.

பதினொரு வருட சேவைக்கு வர வேண்டியது எதுவும் வராது. அது சின்னவன் பெயரில் இருக்கிறது, சின்னவன் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

தொடாதே என்று எழுதினேன். உனக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

*

மே 9

அண்ணா,

மன்னிப்பு என்று எழுதி எழுதி மூன்று தாள் கிழித்தேன். எப்படி எழுதினாலும் அது எனக்காக எழுதுகிற மாதிரியே இருக்கிறது.

நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு எண்ணைச் சரியாக எழுதினால் மீதி தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பதினாறு வருடம் எண்களோடு இருந்த புத்தி. தாளில் விதி இருந்தது, அதை நம்பினேன்.

அண்ணியையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. பின்னறை சும்மாதான் கிடக்கிறது. சிறுநீரக மருத்துவரிடம் இருபத்தேழாம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், உன் சொந்தப் பெயரில். உன் மகள் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், அதை நீ கடனாக நினைக்க வேண்டாம். மற்றதெல்லாம் போகட்டும். உடம்பைப் பார்ப்போம்.

என்ன வேண்டுமானாலும் கேள், செய்கிறேன்.

தங்கை

*

மே 20

தங்கைக்கு,

வர முடியாது. மருத்துவரை இங்கேயே பார்த்துவிட்டேன், மருந்து கொடுத்திருக்கிறார். என்ன வேண்டுமானாலும் கேள் என்று எழுதியிருக்கிறாய். கேட்கிறேன்.

என்னை வெளியே அனுப்பிய பிறகு பிரிவில் மீதி பதினாறு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்த மாதிரி வாசலிலேயே நின்றார்கள். உன் அண்ணிதான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். உன் கடிதங்களை எடுத்துப் படித்துக் காட்டினேன், திட்டை மட்டும் விட்டுவிட்டு. குழாய் அகலம், குறுகல், தண்ணீர் வற்றினால் என்ன ஆகும், மாத்திரை என்ன செய்யும், எல்லாம். வடிகட்டுகிறவர்கள், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். நாலாம் நம்பர் சட்டக்காரன்தான் கடைசியில் கேட்டான்: “அப்போ நாம எல்லாரும் ஒரு புதன்கெழமை குடுத்தா என்னண்ணே?”

சாதாரண வேலை நாளான புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து, வெளி ஆய்வுக்கூடத்தில் பதினாறு பேரும் வரிசையில் நின்று கொடுத்தார்கள். பதினொரு பேர் அறுபதுக்குக் கீழே. கேள்வி கேட்டவனுக்கு வேகம் 27. முப்பத்திரண்டு வயது, அவனுடைய சொந்த வயதுதான். தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக அடுத்த ஷிஃப்டுக்குப் போனான். வேறு என்ன செய்வான்?

பதினொரு தாளையும் எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனோம். வாங்கிப் பார்க்கவே இல்லை. “இதெல்லாம் எங்கயோ எடுத்தது. எங்க டெஸ்ட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க” என்று சொல்லி, உங்கள் ஆய்வுக்கூடத்து அறிக்கையை எடுத்து மேசையில் போட்டார்கள். நூற்று நாற்பது பேர். ஒருத்தரும் அறுபதுக்குக் கீழே இல்லை. உன் திருத்தத்தை அதில் காணோம். தொழிலாளர் அலுவலகத்துக்கும் போனோம். அங்கே இருந்த அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டார். அதிகாரபூர்வ அறிக்கை தவறு என்றால், அதை எடுத்த இடத்திலிருந்து யாராவது ஒருவர் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் கை வைக்க முடியாது என்றார்.

நீ எழுது. மூன்று நாள் இலகு வேலைக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும் என்று ஆலை நிபந்தனை போட்டதை எழுது. உன் கண்ணால் அந்தத் தாளைப் பார்த்ததை எழுது. அப்படி எடுத்த எண் சூட்டில் நிற்கிறவனின் எண் இல்லை என்று எழுது. உன் பெயரையும் வேலையையும் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பு.

உன் வேலை போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அண்ணன்

*

ஜூன் 11

தங்கைக்கு,

மூன்று வாரம் ஆயிற்று. போன மாதம் எழுதியதற்கும் பதில் இல்லை, நடுவில் போட்ட தபால் அட்டைக்கும் இல்லை. உன் அண்ணி உன் எண்ணுக்குப் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. மகள் பெயருக்கு உன்னிடமிருந்து பணம் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சூட்டை விட்டு வந்து ஆறு வாரம். நேற்று மறுபடி இரத்தம் கொடுத்தேன், என் பெயரில், என் வயதில். 52. 41 இல்லை. போனது போனதுதான் என்றாலும் மீதி மூச்சு விடுகிறது என்று மருத்துவர் சொன்னார். இடத்தை மாற்றினால் ஏறுகிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் என் தாள் எங்கேயும் செல்லாது.

நாலாம் நம்பர் சட்டக்காரன் திங்கட்கிழமை துணியை அலசிக்கொண்டிருக்கும்போதே விழுந்தான். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் மாட்டுகிறார்கள். அவன் இடத்துக்கு அன்று மத்தியானமே புது ஆள் வந்துவிட்டான். அறுபதுக்குக் கீழே வந்த மீதி பத்துப் பேர் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். அடுத்த பரிசோதனையை வேறு ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கப் போவதாகப் பேச்சு. அதற்குப் பிறகு நீ எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான்.

எனக்காக என்று நினைக்க வேண்டாம். என் வேலை போனது போனதுதான், அதைத் திரும்பக் கேட்கவில்லை. உனக்குப் பயமாக இருக்கிறது என்று புரிகிறது. எனக்கும் பதினொரு வருடம் அந்தப் பயம்தான். ஆனால் என் வயதைத் தொடும்போது நீ என்னிடம் கேட்கவில்லை. நான் உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.